மலிவான தோட்டா எது? விலை தெரியும், தரம் தெரியாத ஒரு சரக்கின் கதை

விலையைப் பார்த்து வாங்குவதா, தரத்தைப் பார்த்து வாங்குவதா என்ற கேள்வி வியாபாரம் தோன்றிய நாள் முதல் இருந்து வருகின்றது. அரிசி, துணி, மசாலா போன்ற சரக்குகளில் இதற்கான விடை நமது வியாபாரிகளுக்குக் கைவந்த கலையாகும். ஒரு பிடி அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க முடியாத, ஒரே ஒரு தடவை மாத்திரமே பாவிக்கக்கூடிய, பாவித்து முடிந்த பின்னரே தரம் தெரிய வருகின்ற ஒரு பொருளை எப்படித் தெரிவு செய்வது? விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலில் பாவிக்கப்படும் ஷொட்கன் தோட்டா அத்தகைய ஒரு பொருளாகும்.

இலங்கையில் இது கடையில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கல்ல. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். எனவே வாங்கிப் பாருங்கள் என்றோ விற்றுப் பாருங்கள் என்றோ சொல்வதற்கு இக்கட்டுரை எழுதப்படவில்லை. பிரித்தானியா, இத்தாலி, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வார இறுதி நாட்களில் பெட்டி பெட்டியாகச் செலவாகும் சாதாரண நுகர்வுப் பொருள். அங்கே விலை எப்படி அமைகின்றது, அனுபவமுள்ள பாவனையாளர் எதைப் பார்த்து வாங்குகின்றார், எங்கே ஏமாறுகின்றார் என்பதை அறிவது எந்தச் சரக்கை விற்பவருக்கும் பயனுள்ளதாக இருக்கும்.

தட்டை உடைக்கும் விளையாட்டு

முன்னொரு காலத்தில் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுடுவார்கள். பிரித்தானியா 1921 இல் சட்டம் இயற்றி இதனைத் தடை செய்தது. புறாவுக்குப் பதிலாக வந்ததே களிமண் தட்டு. 1880 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெயர்தான் களிமண், இன்றைய தட்டு சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து செய்யப்படுவது. குறுக்களவு 110 மில்லிமீற்றர், நிறை 105 கிராம். இயந்திரம் ஒன்று இதனை வானில் வீச, சுடுபவர் அது விழுமுன் உடைக்க வேண்டும். சுற்று ஒன்றுக்கு 25 தட்டுகள். கழகமொன்றில் ஒரு காலைப் பொழுதில் 100 தட்டுகளுக்குச் சுடுவது சாதாரணம்.

இந்த விளையாட்டு நமது வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஷெய்க் அஹ்மத் அல் மக்தூம் இரட்டைத் தட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் அந்நாடு பெற்ற முதலாவது பதக்கம் அதுவே. அதே போட்டியில் இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 179 தட்டுகளை உடைத்து வெள்ளியைப் பெற, 178 தட்டுகளை உடைத்த சீன வீரர் வெண்கலத்துடன் திருப்தியடைய நேர்ந்தது. குவைத்தின் ஃபுஹைத் அல் தைஹானி 2016 ரியோவில் தங்கம் வென்றார். அவரது நாட்டவரான அப்துல்லாஹ் அல் ரஷீதி, 60 வயதை நெருங்கிய நிலையில் டோக்கியோவில் வெண்கலம் பெற்றார். கட்டாரின் நாஸர் அல் அத்திய்யா, பாலைவனக் காரோட்டப் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றவர், 2012 லண்டனில் வெண்கலம் பெற்றதும் இந்த விளையாட்டில்தான்.

வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில் ஒரே ஒரு தட்டு. அதனால்தான் தோட்டா விடயத்தில் இவ்வளவு யோசனை. 25 சதத்துக்குப் பெறுமதியான ஒரு தோட்டா சொதப்பினால் போவது 25 சதம் மட்டுமல்ல.

உள்ளே இருக்கும் ஐந்து பொருட்கள்

ஷொட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஈயச் சன்னங்கள் இருக்கின்றன. சுட்டதும் அவை ஒரு கூட்டமாகப் பரவிச் சென்று தட்டை உடைக்கின்றன. பெரும்பாலும் பாவிக்கப்படுவது 12 போர் துப்பாக்கி. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுவே குழலின் துளை. இலக்கம் கூடக்கூடத் துளை சிறுக்கின்றது; 20 போர் துப்பாக்கி 12 போரை விடச் சிறியது.

தோட்டா ஒன்று ஐந்து பாகங்களால் ஆனது. பிளாஸ்டிக் கோதும் அதன் அடியில் உள்ள உலோகத் தொப்பியும் ஒன்று. நடுவில் தீப்பொறியை உண்டாக்கும் பிரைமர் இரண்டாவது. அடுத்தது வெடிமருந்து; இது ஒன்றரைக் கிராம் கூட இராது. அதன் மேல் வாட் எனப்படும் அடைப்பு, இது பிளாஸ்டிக்கினாலோ நார்ப் பொருளினாலோ ஆனது. கடைசியாகச் சன்னம். 

இவற்றில் நிறையில் முதலிடம் சன்னத்துக்கே. 28 கிராம் சன்னம் கொண்ட தோட்டா 1,000 என்றால் அதற்குள் 28 கிலோகிராம் ஈயம் இருக்கின்றது. இங்கேதான் வியாபாரக் கணக்கு ஆரம்பமாகின்றது.

லண்டன் உலோகச் சந்தையில் 2000களின் ஆரம்பத்தில் ஒரு தொன் ஈயம் சுமார் 500 டொலர். அப்படியானால் 1,000 தோட்டாக்களில் உள்ள ஈயத்தின் பெறுமதி 14 டொலர். 2007 ஒக்டோபரில் தொன் விலை 3,500 டொலரைத் தாண்டியது. அதே 1,000 தோட்டாக்களுக்கு ஈயம் மட்டும் 98 டொலர். 2008 இறுதியில், உலக நிதி நெருக்கடியோடு, தொன் 1,000 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. ஈயத்தின் செலவு 28 டொலருக்கு இறங்கியது. ஒரே தொழிற்சாலை, ஒரே இயந்திரம், ஒரே ஊழியர்கள். ஆனால் ஒரு மூலப்பொருளின் விலை ஏழு மடங்கு ஏறி இறங்குகின்றது. கையிருப்பில் ஈயம் வைத்திருந்தவர் பிழைத்தார், உச்ச விலைக்கு வாங்கிக் குவித்தவர் அடிபட்டார். தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஈயம் மட்டுமல்ல. தனி ஈயம் மென்மையானது. சுடும்போது ஏற்படும் அழுத்தத்தில் சன்னங்கள் நசுங்கி உருக்குலைந்துவிடும். உருக்குலைந்த சன்னம் நேராகப் போகாது; கூட்டத்தை விட்டு விலகும். ஆகவே ஈயத்துடன் சில வீதம் அன்டிமனி எனும் உலோகத்தைக் கலந்து கடினமாக்குகின்றார்கள். மலிவுத் தோட்டாவுக்கும் போட்டித் தோட்டாவுக்கும் உள்ள உண்மையான வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தக் கலவையில்தான் இருக்கின்றது. வெளியில் பார்த்தால் தெரியாது. உலகின் அன்டிமனியில் பெரும்பகுதி சீனாவிலிருந்தே வருகின்றது. 2024 செப்டெம்பரில் சீனா இதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், வருட ஆரம்பத்தில் இருந்த விலை வருட முடிவில் மும்மடங்காகியது. 3 வீதக் கலவை என்றால் 1,000 தோட்டாக்களுக்கு வேண்டியது ஒரு கிலோவுக்கும் குறைவான அன்டிமனியே. எனினும் உற்பத்தியாளர் ஒருவர் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கைவைக்கக்கூடிய இடமும் அதுவே.

வெடிமருந்தின் கதையும் இதைப் போன்றதே. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் ஆரம்பித்த பின்னர் ஐரோப்பாவில் பீரங்கிக் குண்டுகளுக்கான கேள்வி ஒரேயடியாக உயர்ந்தது. பீரங்கிக்குத் தேவையான நைட்ரோசெலுலோஸ்தான் விளையாட்டுத் தோட்டாவின் வெடிமருந்துக்கும் மூலப்பொருள். இராணுவங்கள் வரிசையில் முன்னால் நிற்கும்போது, தட்டுச் சுடுபவர் பின்னால் போக வேண்டியதுதான்.

பெயர் பல, உதிரிப்பாகம் சில

இத்தாலியின் லெக்கோ நகரில் 1876 முதல் இயங்கும் ஃபியோக்கி, பொலோஞ்ஞா பகுதியில் 1885 இல் ஆரம்பித்த பஸ்கியெரி அன்ட் பெல்லாக்ரி, இங்கிலாந்தில் ஈலி ஹோக், ஹல் நகரிலேயே இயங்கும் கேம்போர், ஹல் கார்ட்ரிட்ஜ் ஆகியவை இத்துறையின் பழைய பெயர்கள். அமெரிக்காவில் வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல். இவற்றைத் தவிர ஊருக்கு ஒன்றாகச் சிறிய பெயர்களும் உண்டு.

ஆனால் பெட்டியில் உள்ள பெயர் வேறு, உள்ளே உள்ள பொருள் வேறு. பிரான்சிலும் இத்தாலியிலும் தொழிற்சாலைகள் கொண்ட செடைட் என்ற நிறுவனம் கோதுகளையும் பிரைமர்களையும் தயாரித்துப் பல நாட்டுத் தோட்டாக் கம்பனிகளுக்கு விற்கின்றது. வெடிமருந்துக்கும் இதேபோல் ஒரு சில பெரிய உற்பத்தியாளர்களே. எனவே விலையில் வித்தியாசமான இரண்டு பெட்டிகளில் ஒரே கோதும் ஒரே பிரைமரும் இருக்க வாய்ப்புண்டு. ஒரே தேயிலையை இரண்டு பொதிகளில் இட்டு இரண்டு விலைக்கு விற்பதைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. வித்தியாசம் வருவது சன்னத்தின் தரத்திலும், வெடிமருந்தை அளந்து நிரப்பும் ஒழுங்கிலும், பரிசோதனையிலும்தான். பெயருக்காக மாத்திரம் காசு கொடுக்க வேண்டியதில்லை; அதே நேரத்தில் பெயர் தெரியாத சரக்கை விலைக்காக மாத்திரம் வாங்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 28 கிராம் தோட்டாக்கள் 1,000 சுமார் 40 கிலோ நிறை கொண்டவை. அத்துடன் வெடிபொருள் என்ற வகைக்குள் அடங்குவதால் ஏற்றி இறக்குவதற்குத் தனி விதிகள். நிறை அதிகம், பெறுமதி குறைவு, போக்குவரத்து சிக்கல். சீமெந்தைப் போலத் தூரத்திலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாத சரக்கு இது. இங்கிலாந்தில் உள்ளூர்க் கம்பனிகள் இன்றும் தாக்குப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்தாகும்.

எவ்வளவு போதும்?

பிரித்தானிய, அமெரிக்கக் கழகங்களில் புதிதாகச் சேருபவர்கள் நினைப்பது ஒன்று. சன்னம் கூட இருந்தால், வேகம் கூட இருந்தால், தட்டு இலகுவாக உடையும் என்பது. கடைக்காரர்களும் பெட்டியில் பெரிய எழுத்தில் வேகத்தை அச்சிட்டிருப்பார்கள்.

உண்மை நிலை வேறு. ஒலிம்பிக் விதிகளின்படி சன்னம் 24 கிராம் மட்டுமே. 24.5 கிராமைத் தாண்டக் கூடாது. உலகின் கடினமான தட்டுகளை, சுமார் 35 மீற்றர் தூரத்தில், இந்த 24 கிராமைக் கொண்டுதான் உடைக்கின்றார்கள். பிரித்தானியாவின் வழமையான கழகப் போட்டிகளில் 28 கிராம் வரை அனுமதி. அமெரிக்கத் தட்டுச் சுடுதல் சங்கத்தின் விதியில் ஒன்றே கால் அவுன்ஸ் கூட இல்லை. ஒன்று அவுன்ஸும் எட்டில் ஒன்றும், அதாவது ஏறத்தாழ 32 கிராம் வரை.

24 கிராமுக்கு மாறினால் 28 கிராமை விட ஈயம் 14 வீதம் குறைவு. விலையும் பொதுவாகச் சற்றுக் குறையும். பின்னுதைப்பு குறையும். ஒரு நாளைக்கு 100 தடவை தோளில் உதை வாங்குபவருக்கு 80 ஆவது தட்டுக்கு மேல் அதன் அருமை தெரியும். தோள் நோகத் தொடங்கினால் கண் தானாக மூடும், கை தயங்கும்; தட்டு தப்பிவிடும். வேகத்தின் கதையும் அப்படியே. சிறு சன்னங்கள் காற்றில் விரைவாக வேகமிழப்பவை. குழல் வாயில் செக்கனுக்கு 100 அடி கூடுதலாக இருந்தாலும், தட்டை அடையும்போது அந்த மேலதிக வேகத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். உதை மட்டும் முழுமையாகத் தோளுக்கு வந்து சேரும். இந்தச் சரக்கில் மலிவானதே பொருத்தமானதாகவும் அமைவது அபூர்வமான ஒரு சந்தர்ப்பம். அப்படியிருந்தும் பலர் கூடிய விலை கொடுத்து வேகத்தை வாங்குகின்றார்கள்.

சன்னத்தின் பருமனைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இலக்கம் கூடினால் சன்னம் சிறியது. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் இலக்க முறை. அமெரிக்கப் பெட்டியில் ஏழரை என்று இருந்தால் அது 2.4 மில்லிமீற்றர், ஆங்கிலேயப் பெட்டியில் அதே 2.4 மில்லிமீற்றர் சன்னத்துக்கு இலக்கம் 7. இறக்குமதிப் பெட்டியில் இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று. மில்லிமீற்றர் அளவைப் பார்ப்பதே பாதுகாப்பு. சப்பாத்து இறக்குமதி செய்பவர்களிடம் கேட்டால் இலக்கத்தை நம்பிப் பட்ட பாட்டைச் சொல்வார்கள். அமெரிக்க ஏழரை ஓர் அவுன்ஸில் சுமார் 350 சன்னங்கள். 8 ஆம் இலக்கத்தில் சுமார் 410. கிட்டிய தட்டுக்குச் சிறிய சன்னம், தூரத் தட்டுக்குச் சற்றுப் பெரியது என்பது பொது வழக்கம். ஒரே வகையை வைத்து எல்லாவற்றையும் சுட நினைப்பவர் 2.3 அல்லது 2.4 மில்லிமீற்றரை எடுத்துக்கொள்வார்.

நம்பிக்கை என்பது என்ன?

நல்ல தோட்டா என்பது சிறப்பாக வெடிக்கும் தோட்டா அல்ல. முதலாவதும் ஆயிரமாவதும் ஒரே மாதிரி வெடிக்கும் தோட்டாவே நல்ல தோட்டா. ஒன்று பலமாகவும் அடுத்தது மெதுவாகவும் போனால் சுடுபவரின் கணிப்பு குழம்பிவிடும். தப்பியது தன் பிழையா, தோட்டாவின் பிழையா என்று தெரியாமல் அவர் தடுமாறுவார்.

இதைச் சோதிக்க விஞ்ஞானக்கூடம் தேவையில்லை. 40 யார் தூரத்தில் பெரிய தாளொன்றை விரித்து அதன் மீது சுட்டு, சன்னங்கள் அதிகமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குலக் குறுக்களவில் வட்டமொன்று வரைந்து துளைகளை எண்ணுவார்கள். தோட்டாவில் இருந்த சன்னங்களில் எத்தனை வீதம் வட்டத்துக்குள் விழுந்தது, அவை சீராகப் பரவியுள்ளனவா, ஓரிடத்தில் தட்டு நுழைந்து போகும் அளவுக்கு வெற்றிடம் இருக்கின்றதா என்று பார்ப்பார்கள். ஒரு தாளை வைத்து முடிவெடுப்பது பிழை. ஐந்தாறு தாள்களாவது வேண்டும். ஒரே வகையில் தாளுக்குத் தாள் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அந்தச் சரக்கின் ஒழுங்கு சரியில்லை என்று அர்த்தம். காசில்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்பவர்கள் குறைவு. பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம்.

துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. மலிவுத் தோட்டாக்களில் அடித்தொப்பி பித்தளையாக இருப்பதில்லை. பித்தளை பூசிய உருக்காக இருக்கும். பெரும்பாலான துப்பாக்கிகளில் இதனால் பிரச்சினையில்லை. ஆனால் சில தானியங்கித் துப்பாக்கிகளில், தோட்டா அமரும் அறை சற்று இறுக்கமாக இருந்தால், சுட்ட பின் உருக்குத் தொப்பி விரிந்து இறுகிக்கொள்ளும். அதேபோல் மெதுவான 24 கிராம் தோட்டா சில தானியங்கிகளை இயக்கப் போதுமான சக்தியைக் கொடுக்காது. இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு அருமையாகப் பொருந்திய தோட்டா பக்கத்து ஆளின் துப்பாக்கிக்கு ஒத்துவராமல் போவது இப்படித்தான். எனவே 25 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டியை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் 1,000 வாங்குவது புத்தியல்ல.

பாதுகாப்பு விடயத்தில் விலை பேச்சுக்கு இடமில்லை. பெட்டியில் தோட்டாவின் நீளம் குறிப்பிடப்பட்டிருக்கும். 65 மில்லிமீற்றர் அறை கொண்ட பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீற்றர் தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் துப்பாக்கிக்குள் விழுந்தால் குழலுக்குள் வழுக்கிச் சென்று சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறக் கோது வழங்கப்படுவது இதனாலேயே. சுடும்போது சத்தம் வழமையை விட மெதுவாக வந்தால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து குழலுக்குள் பார்க்க வேண்டும். வாட் உள்ளே சிக்கியிருக்கலாம். ஒரு மலிவுப் பெட்டியில் இப்படி இரண்டு தடவை நடந்தால் மிகுதியைச் சுடாமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

வாட் விடயத்தில் தெரிவு பெரும்பாலும் சுடுபவரின் கையில் இல்லை. பிரித்தானியாவில் பல மைதானங்கள் விவசாய நிலங்களில் இருப்பதால், மாடுகள் மேயும் புல்லில் பிளாஸ்டிக் துண்டுகள் விழுவதை நில உரிமையாளர்கள் விரும்புவதில்லை. நார் வாட் மட்டும் அனுமதி என்று பலகை போட்டிருப்பார்கள். மலிவாகக் கிடைத்தது என்று பிளாஸ்டிக் வாட் தோட்டாக்களை வாங்கிக் குவித்தவர் சரக்கைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

மிச்சம் எங்கே?

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். பிரித்தானியாவில் தோட்டாவின் விலை 1,000க்கு இவ்வளவு என்றே பேசப்படும். உதாரணத்துக்கு ஒரு வகை 280 பவுண், இன்னொன்று 300 பவுண் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் தோட்டாவுக்கு 2 பென்ஸ். 100 தட்டுகள் சுடும் நாளில் மிச்சம் 2 பவுண். அன்றைய மைதானக் கட்டணம், பெற்றோல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் செலவு 80 பவுணைத் தாண்டும். அதற்குள் 2 பவுண் என்பது ஒரு கோப்பை கோப்பிக்கும் போதாது. அந்த மலிவு வகையால் இரண்டு தட்டுகள் தப்பினால் போட்டிக்காக வந்த முழு நாளும் வீண். இரண்டும் ஒரே மாதிரி உடைத்தால், 20 பவுணை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் வருடத்துக்கு 60,000 தோட்டாக்களைக் கொள்வனவு செய்யும் கழகமொன்றுக்கு அதே வித்தியாசம் 1,200 பவுண். ஆரம்பப் பயிற்சி பெறுபவர்களுக்குக் கொடுக்கும் தோட்டாவுக்கு உயர்தரச் சன்னம் தேவையில்லை. அவர்கள் தப்புவது தோட்டாவினால் அல்ல. கழகம் மலிவு வகையை வாங்குவது சரி, போட்டியாளர் நடுத்தர வகையை வாங்குவதும் சரி. யார் வாங்குகின்றார், எதற்காக வாங்குகின்றார் என்பதைக் கேட்காமல் கூடிய விலைச் சரக்கைத் தள்ளிவிடும் கடைக்காரரிடம் அந்தக் கழகம் இரண்டாவது தடவை வராது.

கெட்டிக்கார பாவனையாளர்கள் மிச்சம் பிடிப்பது விலை குறைந்த பெயரைத் தேடி அல்ல, கொள்வனவு முறையில். நாலைந்து பேர் சேர்ந்து 5,000, 10,000 என்று ஒரே தடவையில் எடுப்பார்கள். அப்போது ஒரே தயாரிப்புத் தொகுதியைக் கேட்டு வாங்குவார்கள். பெட்டியின் மடிப்பில் தொகுதி இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே வகையானாலும் வெவ்வேறு தொகுதிகளுக்கு இடையில் சிறு வித்தியாசம் இருக்கலாம். ஒரே சாயத் தொகுதியில் துணி எடுக்காத தையற்காரருக்கு நேர்வதைப் புறக்கோட்டையில் யாரும் சொல்வார்கள். வாங்கியதைக் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. வெயில் காயும் கூரைக்கடியிலும் நிலம் கசியும் அறையிலும் வைத்தால் மலிவாக வாங்கிய இலாபம் அங்கேயே போய்விடும்.

அமெரிக்காவில் சுட்ட கோதுகளைப் பொறுக்கி வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் பழக்கம் பரவலாக இருந்தது. 1965 இல் வெளிவந்த வின்செஸ்டர் ஏ.ஏ. கோதுகளைப் பலமுறை நிரப்பலாம் என்பதற்காகவே விரும்பி வாங்கினார்கள். சன்னம், பிரைமர் விலைகள் ஏறிய பின்னர் 12 போரில் இதனால் பெரிய மிச்சமில்லை. கடை விலை அதிகமான 28 போர் போன்ற சிறு வகைகளில்தான் இன்னும் கணக்கு ஒத்துவருகின்றது.

ஈயத்தின் நாட்கள்

தற்போது இந்த வியாபாரத்தின் மீது தொங்கும் கத்தி ஈயத் தடையாகும். ஈயம் நஞ்சு, நிலத்தில் விழும் சன்னங்களைப் பறவைகள் கல்லென்று விழுங்கி இறக்கின்றன. டென்மார்க் 1996 இலேயே ஈயச் சன்னத்தைத் தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி முதல் ஈரநிலங்களில் தடை விதித்தது. 2025 ஜூலையில் பிரித்தானிய அரசாங்கம், ஈயச் சன்னத் தோட்டாக்களின் விற்பனையையும் பாவனையையும் மூன்று வருட அவகாசத்தின் பின்னர் தடை செய்யப் போவதாக அறிவித்தது.

மாற்றீடு உருக்குச் சன்னம். உருக்கு ஈயத்தை விட மலிவு என்பதால் தோட்டா விலை குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் உருக்கு ஈயத்தை விட இலேசானது, விரைவில் வேகமிழக்கும். எனவே சற்றுப் பெரிய சன்னம் தேவை. கடினமானது என்பதால் குழலைக் கீறாமல் காக்கத் தடித்த வாட் தேவை. அந்த வாட் பெரும்பாலும் பிளாஸ்டிக். மைதானக்காரரோ பிளாஸ்டிக் வேண்டாம் என்கின்றார். கரைந்து போகும் வாட்கள் சந்தைக்கு வந்துள்ளன, அவற்றுக்கும் தனி விலை. குழல் வாய் மிக ஒடுங்கிய துப்பாக்கிகளுக்கும், மெல்லிய குழல் கொண்ட பழைய துப்பாக்கிகளுக்கும் உருக்குத் தோட்டா பொருந்துமா என்பதை ஆயுதத் தொழிலாளரிடம் காட்டிக் கேட்க வேண்டியுள்ளது.

கையில் ஈயச் சரக்கு வைத்திருக்கும் பிரித்தானியக் கடைக்காரரின் நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். தடைத் திகதி நெருங்க நெருங்கப் பாவனையாளர் சிலர் கிடைத்தவரை வாங்கிச் சேர்ப்பார்கள், விலை ஏறும். திகதி கடந்தால் விற்க முடியாது; வாங்கியவர் சுடவும் முடியாது. இன்றைய ஏறுமுகத்தை நம்பிக் களஞ்சியத்தை நிரப்புபவர் கடைசி மாதத்தில் அரை விலைக்குக் கொட்டித் தீர்க்க வேண்டி வரும். எனவே ஈயத்தில் மாதக் கணக்குக்கு மட்டும் கையிருப்பு வைத்துக்கொண்டு, உருக்குத் தோட்டாக்களில் ஒவ்வொரு வகையிலும் சில பெட்டிகளை எடுத்து, வாடிக்கையாளரின் துப்பாக்கியில் எது ஓடுகின்றது என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்வதுதான் அந்தக் கடைக்காரருக்கு நல்லது.